தேடுவதற்கு யார் பணம் கொடுப்பது?

(நெம்மேலியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணீரில் தொடங்குவார்கள். நான் கணக்கில் தொடங்குகிறேன். ஒருவரை அரசின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன இடம் தெரியவில்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று அரசு சாதிக்கிறது. அவர் என்ன ஆனார் என்று கண்டுபிடிக்க ஆகும் செலவை யார் தருவது? வீட்டில் மிஞ்சிய பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் யார் தருவது? இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது சுலபமாகிவிடும். இலங்கையின் வடக்கிலும் பஞ்சாபிலும் அதுதான் நடந்தது.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. ஒருவர் ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் போனால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் விதி. பழைய சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்தது. 2023இல் வந்த புதிய சட்டத்தில் 111ஆம் பிரிவு. சுனாமிக்குப் பிறகு அந்த ஏழு ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி, உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தார்கள். 2017இல் ஒக்கிப் புயலில் குமரி மீனவர்கள் கரை திரும்பாதபோதும் அப்படியே. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. அதற்கே மக்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனாலும் கொடுத்தார்கள். கடல் கொண்டுபோனால் சட்டத்தை வளைத்தாவது பணம் தர அரசுக்குத் தெரிகிறது. கொண்டுபோனதே அரசு என்றால் அதே கோப்பு நகர்வதில்லை.

இங்கிருந்து தெற்கே, பாக் நீரிணைக்கு அப்பால் போவோம். ஐக்கிய நாடுகளின் காணாமல் ஆக்கப்பட்டோர் பணிக்குழுவிடம் குவிந்த முறைப்பாடுகளில் ஈராக்குக்கு அடுத்தபடியாக நெடுங்காலம் நின்ற நாடு இலங்கை. 1980களின் பிற்பகுதியிலிருந்து 60,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் மதிப்பீடு. இதில் தமிழர்கள் மட்டும் இல்லை. 1987 முதல் 1990 வரை ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியை ஒடுக்கியபோது தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இப்படியே போனார்கள். எம்பிலிப்பிட்டியில் பள்ளி மாணவர்களையே கொண்டுபோனார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அன்னையர் முன்னணியின் பெயரிலேயே 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். இரு பக்கத் தாய்மாரும் பிறகு ஒன்றாக நிற்க முடியாமல் போனதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. அது வேறொரு நாள் பேச வேண்டிய பேச்சு.

தேடும் பணத்தை முதலில் பார்ப்போம். முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29 அன்று தண்ணீர்க் குழாய் பதிக்க மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. அங்கே நடைமுறை இப்படி: பொலிஸ் நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், நீதவான் வந்து பார்க்க வேண்டும், அகழச் சொல்லி அவர் கட்டளையிட வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் செலவு மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அது மாவட்டச் செயலகம் வழியாகக் கொழும்புக்குப் போய், பணம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். கட்டளையிடுவது நீதிமன்றம், பணப்பெட்டியின் சாவி அமைச்சிடம். செப்டம்பரில் அகழ்வு தொடங்கியது, சில நாளில் நின்றது. நவம்பரில் மறுபடி தொடங்கியது. அந்த மாத இறுதிக்குள் 40 பேரின் எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. புதைகுழி இன்னும் முடியவில்லை, சாலைக்கு அடியில் நீள்கிறது என்று தெரிந்தும் வேலை நின்றது. காரணம், பணம் வரவில்லை. மறுபடி மண்வெட்டி விழுந்தது 2024 ஜூலையில். ஏழு மாதம். கடைசியில் எண்ணிக்கை 52.

ஏழு மாதம் என்பது நீதிமன்ற வழக்கில் பெரிய காலம் இல்லை என்று ஒரு வழக்கறிஞர் சொல்லலாம். திறந்து மூடிய குழிக்கு அது பெரிய காலம்தான். அகழ்வு எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் இயந்திரம் மேல்மண்ணை எடுக்கிறது. பிறகு கரணையும் தூரிகையும் மட்டும்தான். எலும்பு தெரிந்ததும் அதைச் சுற்றிய மண்ணை விரலளவு விரலளவாக எடுக்க வேண்டும். கை எப்படி மடங்கியிருந்தது, ஒருவர்மேல் ஒருவர் எந்த வரிசையில் கிடந்தார், துணியின் பித்தான் எந்த எலும்போடு ஒட்டியிருந்தது என்பதெல்லாம் சாட்சியம். ஓர் எலும்பை அரை அடி தள்ளி வைத்துவிட்டால் அதனோடு வந்த கதை போயிற்று. வடகிழக்குப் பருவமழை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். தார்ப்பாய் போட்டு மூடிய பாதிக் குழிக்குள் ஐப்பசி மழை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நிதி தாமதமானால் வேலை தாமதமாகும், அவ்வளவுதானே என்று நினைக்கக் கூடாது. இங்கே தாமதம் சாட்சியத்தையே அழிக்கிறது.

யாழ்ப்பாணத்துச் செம்மணியை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 1996இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவியையும், அவரைத் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்த வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற படைச் சிப்பாய், 1998 ஜூலையில் நீதிமன்றத்தில் நின்று, அந்தப் பகுதியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைத்திருக்கிறது என்றார். 1999இல் தோண்டினார்கள். கிடைத்தவை 15. கோப்பு மூடியது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில், அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டக் குழி வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. செப்டம்பர் 6 வரை அடையாளம் கண்ட எலும்புக்கூடுகள் 240. அவற்றில் 239 அகழ்ந்து எடுக்கப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. நீல நிறப் பள்ளிப் பை, பொம்மை, பால் போத்தல், வளையல், செருப்பு எல்லாம் வந்தன. ஆகஸ்ட் 5 அன்று துணிமணிகளையும் பொருள்களையும் நீதிமன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. யாராவது அடையாளம் காட்ட முடியுமா என்று. முப்பது ஆண்டுக்கு முன் மகன் உடுத்தியிருந்த சாரத்தின் கட்டத்தை நினைவில் வைத்திருக்கும் தாய் அந்த வரிசையில் வருவார் என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்ய முடியும். அறிவியல் செய்ய வேண்டிய வேலையை நினைவின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

மன்னாரில் சதொச என்ற அரசு விற்பனை நிலையத்தின் வளாகம் இன்னொரு பாடம். 2018இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது வெளிப்பட்ட அந்தப் புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் அகழ்வுக்கு நிதியுதவி செய்தது. ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்பு செய்வித்த செலவையும் ஏற்றது. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். அத்தோடு பேச்சு அடங்கிவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதிரி போதுமா, மற்ற அடுக்குகளிலிருந்தும் எடுக்கலாமே என்று குடும்பங்களின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். அந்த முடிவு தவறு என்று சொல்ல எனக்கு அறிவியல் தகுதி கிடையாது, சரியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது முறை சோதிக்க வசதி இல்லாத தரப்பு, முதல் சோதனையை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. குடும்பங்களின் கையில் சொந்தமாக ஒரு நிபுணரை அமர்த்தப் பணம் இருந்திருந்தால், விடை அதுவாகவே இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் மனநிலை வந்திருக்கும்.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஆணையாளர்கள் அமர்ந்தது 2018இல். முதல் தலைவர் சாலிய பீரிஸ். மூலச் சட்டத்தில் வெளி அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரம் இருந்தது. வெளிநாட்டுப் பணம் வந்து படையினரைக் காட்டிக்கொடுக்கும் என்று கூச்சல் எழுந்தது. 2017இல் திருத்தம் கொண்டுவந்து அந்த உட்பிரிவை எடுத்துவிட்டார்கள். அதாவது, தேடும் அலுவலகம் திறக்கும் முன்பே, தேடத் தெரிந்த வெளியாரோடு ஒப்பந்தம் போடும் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு அந்த அலுவலகம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று குறைசொல்வதில் ஆச்சரியம் என்ன? குடும்பங்கள் அதை நம்பாததற்கு இன்னும் பல காரணங்கள் உண்டு; 2020க்குப் பின் அதன் தலைமையில் வந்த மாற்றங்கள் அந்த அவநம்பிக்கையைக் கூட்டின.

இனி வீட்டுக் கணக்கு. கணவர் இல்லை, இறந்தார் என்ற பத்திரமும் இல்லை. வங்கிக் கணக்கு அவர் பெயரில், காணி அவர் பெயரில். நிவாரணம் வேண்டுமானால் மரணச் சான்றிதழ் எடு என்று பல ஆண்டுகள் அதிகாரிகள் சொன்னார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடும் உரிமை போய்விடுமே என்று குடும்பங்கள் அஞ்சின. அஞ்சியதில் நியாயம் இருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே குடும்பம் தன் அலுவல்களைப் பார்த்துக்கொள்ளக் காணப்படாமைச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு. 2018இல் காணாமல் போனோர் அலுவலகத்தின் இடைக்கால அறிக்கை மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகை கேட்டது. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதற்கு 50 கோடி ரூபாய் ஒதுக்கினார். அந்த ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியது. 2022 மார்ச்சில் அமைச்சரவை வேறொரு முடிவெடுத்தது: சான்றிதழ் உள்ள குடும்பத்துக்கு ஒரு தடவை மட்டும் ஒரு லட்சம் ரூபாய்.

என் பிள்ளையின் விலை ஒரு லட்சமா என்று கேட்டார்கள் தாய்மார். 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னாலும், சில நாளில் வவுனியாவிலும், பிறகு முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்றும் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். வறுமை இல்லாததால் மறுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொருளாதாரம் சரிந்து பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஆண்டு அது. மாதம் 6,000 என்பது உயிரோடு இருப்பவர்களுக்குத் தரும் உதவி. ஒரே தடவை ஒரு லட்சம் என்பது கணக்குத் தீர்ப்பது. தொகை எத்தனை என்பதைவிட அதன் அமைப்பே அரசின் எண்ணத்தைச் சொல்லிவிட்டது.

இதே சண்டையை அர்ஜென்டினா முன்பே போட்டுப் பார்த்துவிட்டது. 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி. 1994இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டு இல்லாதவர் என்ற சட்டநிலையை உருவாக்கியது. இன்னொன்று, குடும்பத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள அரசுப் பத்திரங்களை இழப்பீடாகத் தந்தது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் திரண்ட மே சதுக்கத் தாய்மார் 1986லேயே இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஹெபே தெ பொனாஃபினி தலைமையிலான பிரிவு, பணத்தைத் தொட்டால் இரத்தத்தை விற்றதாகும் என்றது. மற்றவர்கள் அது குடும்பத்தின் உரிமை என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்புதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே இழப்பீடு பெற்ற பிறகும் தேடல் நிற்கவில்லை. 1984இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்கத் தடய மானிடவியலாளர் சில மாணவர்களைப் பயிற்றுவித்து உருவாக்கிய குழு, அரசிடம் கையேந்தாமல் வெளி அறக்கட்டளைகளின் உதவியில் வேலையைத் தொடங்கியது. நாற்பது ஆண்டாகியும் இன்றும் எலும்புகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. 1987இல் தேசிய மரபணு வங்கிக்குச் சட்டம் வந்துவிட்டது. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே இரத்தம் கொடுக்க முடிந்தது. இரண்டு கணக்கும் தனித்தனியாக இருந்ததால் தாய்மாரின் சண்டை தேடலைக் கெடுக்கவில்லை.

நம் நாட்டில் பஞ்சாப் இதற்கு நேர்மாறு. ஜஸ்வந்த் சிங் கால்ரா ஒரு வங்கி ஊழியர். 1990களின் தொடக்கத்தில் காணாமல் போன நண்பர்களைத் தேடியவர், அமிர்தசரஸ் மாவட்ட மயானங்களின் பதிவேடுகளில் போய் நின்றார். உரிமை கோரப்படாத உடல் என்று போலீஸ் கொண்டுவந்த ஒவ்வொன்றுக்கும் விறகு வாங்க வேண்டும். விறகுக்குப் பணம் கொடுத்தால் கணக்கு எழுத வேண்டும். கொன்றதை எழுதாத நிர்வாகம் விறகுச் செலவை எழுதிவைத்திருந்தது. 1995 செப்டம்பர் 6 அன்று கால்ராவை வீட்டு வாசலில் வைத்தே போலீஸ் பிடித்துப் போனது. அவரும் திரும்பவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. விசாரித்து, மூன்று மயானங்களில் 2,097 சட்டவிரோத எரிப்புகள் என்று சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையம் பல ஆண்டுகள் விசாரித்து, 1,513 குடும்பங்களுக்கு மொத்தம் 27.94 கோடி ரூபாய் தரச் சொன்னது. சராசரியாகக் குடும்பத்துக்கு இரண்டு லட்சம்கூட இல்லை. மூன்று மயானங்களைத் தாண்டி ஆணையம் போகவில்லை. யார் கொன்றார்கள் என்பதை ஒவ்வொரு வழக்காக ஆராயவும் இல்லை. இழப்பீடு கொடுத்துத் தேடலை முடித்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையெழுத்துப் போட்டது. உறுதிப்படுத்தவில்லை. இலங்கை 2016இல் உறுதிப்படுத்திவிட்டது. ஏட்டளவில் அவர்கள் நம்மைவிட முன்னால் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சட்டம் எழுதினால் நிதி வந்துவிடும் என்பதும் இல்லை. பொஸ்னியா 2004இல் காணாமல் போனோர் சட்டத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு நிதியம் வைத்தது. அந்த நாட்டின் இரண்டு பகுதிகளும் உடன்பாட்டுக்கு வராததால் நிதியம் பிறக்கவேயில்லை. ஆனால் அங்கே தேடல் நடந்தது. 1996இல் பணக்கார நாடுகளின் உச்சிமாநாட்டு முடிவால் அமைந்த சர்வதேச ஆணைக்குழு, உறவினர்களிடம் பெருவாரியாக இரத்தமாதிரி எடுத்தது. போரில் வேறு நாடுகளுக்குச் சிதறியவர்களிடமும் போய் எடுத்தது. யூகோஸ்லாவியப் போர்களில் காணாமல் போன சுமார் 40,000 பேரில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு விடை கிடைத்தது. இலங்கைக்கு அப்படி எந்த உச்சிமாநாடும் கூடவில்லை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை சாட்சியம் திரட்டும் ஒரு சிறு பிரிவை அமைத்தது. அதற்கு மதிப்பிட்ட செலவு சுமார் 28 லட்சம் டாலர். அந்த வாக்கெடுப்பில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

புலம்பெயர்ந்த தமிழரின் பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். கோயில்களுக்குப் போகிறது, பள்ளிகளுக்குப் போகிறது, வழக்குகளுக்கும் ஓரளவு போகிறது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு வெளியிலிருந்து ஆயிரம் ரூபாய் வந்தாலும், காசுக்குப் போராடுகிறாள் என்ற பழி வரும். புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து யார் அனுப்பினார்கள் என்று கேட்பார். 2010 ஜனவரியில் காணாமல் போன கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னலிகொடவின் மனைவி சந்தியா நூறு தடவைக்கு மேல் நீதிமன்றப் படி ஏறியவர். படைகளிடம் சரணடைந்த விடுதலைப் புலிகளின் எழிலனுக்காக அவர் மனைவி அனந்தி சசிதரன் 2013இல் போட்ட ஆட்கொணர்வு மனுவில் வவுனியா மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 டிசம்பரில். ஒன்பது ஆண்டுகளின் பஸ் கட்டணத்தையும், தவறிய கூலியையும் எந்த வரவுசெலவுத் திட்டமும் எண்ணுவதில்லை.

இவ்வளவையும் நெம்மேலியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று இந்த மேடையை நடத்துவது ஒரு வைப்புநிதியின் வட்டி. கொடுத்தவர் போன பிறகும் பணம் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. ஆட்சி மாறினால் அறுந்துபோகும் ஒதுக்கீட்டை நம்பி நாற்பது ஆண்டு வேலையைச் செய்ய முடியாது. இப்படிப்பட்ட நிலைநிதி ஒன்றுதான் அதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கே இருக்கும் ஒரு தாயின் மகன் அக்கரையில் காணாமல் போயிருந்தால், செம்மணி எலும்போடு ஒப்பிட அவர் எங்கே போய் மாதிரி கொடுப்பார்? போர் முடிந்த 2009இல் ஐம்பது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பந்தல்களில் இருந்த பெற்றோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். தாய் இறந்தால் ஒரு சாட்சி போகிறார். எலும்போடு ஒப்பிட மிகப் பொருத்தமான மாதிரியும் அவரோடு போகிறது.

மாதிரி எடுப்பது எளிய வேலை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், அதை உறிஞ்சிக்கொள்ளும் தனிவகைத் தாள் அட்டை, உலர்ந்ததும் ஓர் உறை. உறைமேல் எண், நாள், எடுத்தவர் பெயர், சாட்சிக் கையெழுத்து. குளிர்பெட்டிகூட வேண்டாம், அறை வெப்பத்திலேயே பல ஆண்டு கெடாமல் இருக்கும். சிக்கல் அதை யாரிடம் வைப்பது என்பதில் இருக்கிறது. அரசிடம் கொடுக்கத் தாய்மார் அஞ்சுவார்கள். தனியாரிடம் இருந்தால் நீதிமன்றம் ஏற்குமா என்ற கேள்வி வரும். ஒரு பல்கலைக்கழகத்தின் காப்பில் வைத்து, குடும்பங்களின் சங்கம் எழுத்தில் இசையாமல் யாரும் திறக்க முடியாதபடி ஒப்பந்தம் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரைவை எழுத ஒரு வழக்கறிஞரும் மரபணு அறிவியல் படித்த ஒருவரும் வேண்டும். இந்த அரங்கில் இரு துறையினரும் இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தை இதற்கே எடுத்துக்கொள்வோம்.